குளிர் தாங்காதவள்

கொட் மீன் கரையை அண்டி வரும் மாதங்களில் வடக்குக் கரையில் எங்கள் ஊரான நூர்வோக்கின் துறையில் ஒரு படகும் சும்மா கிடக்காது. அந்த வருடம் ஹில்மாரின் படகு மட்டும் கிடந்தது. தை போய் மாசியும் வந்துவிட்டது. மற்றவர்கள் விடிய முதலே போய் நிறைத்துக்கொண்டு வர, அவருடைய படகின் மேல்தட்டில் பனி ஏறிக் கல்லாய் இறுகியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான்.

"இயந்திரம். ஜெர்மனியிலயிருந்து ஒரு சாமான் வரவேணும்."

"என்ன சாமான்?"

"சின்னச் சாமான்தான்."

அதற்கு மேல் கேட்டால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிடுவார்.

உண்மை நூர்வோக்கில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். ஒருத்தி அவருடைய மனைவி யோருன். மற்றது நான்.

யோருனுக்கும் எனக்கும் அக்கரைச் சல்மன் தொழிற்சாலையில் ஒரே மேசை. ஊரில் இருந்த மீன் ஆலை மூடின நாளிலிருந்து நான் அங்கேதான். படகு கடலுக்குப் போகாததால் வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டு, யோருன் தை மாதம்தான் வந்து சேர்ந்தாள். அதுவரை அவள் வீட்டுக்குக் கீழே, கடலை ஒட்டின கொட்டிலுக்குள் நின்று ஹில்மாரின் தூண்டில்களுக்கு இரை கொளுவினவள். நெருப்பு இல்லாத கொட்டில். உறைந்த மீன் துண்டை எடுத்து, கொளுவி, கயிற்றைச் சுருளாக வட்டிலில் அடுக்கி, அடுத்ததை எடுக்கவேண்டும். கல்யாணம் முடித்த வருடம் தொடங்கினது, ஒரு மாரிக்காலமும் தவறியதில்லை. அவளுடைய விரல்கள் ஆம்பிளையின் விரல்கள் மாதிரி. எங்கள் மேசையில் எல்லோரும் கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு நிற்போம். அவள் ஒன்றோடு நிற்பாள். முதல் நாளே கத்தியைக் கையில் எடுத்து, ஓடும் பட்டையில் வந்த மீனின் கொழுப்பை ஒரே இழுப்பில் சீவித் தள்ளிவிட்டு, "இதுக்குச் சம்பளமும் தருவினமோ?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் போன பிறகு, ஃபெரியில் வரும்போதுதான் எனக்குச் சொன்னாள். வெளியே ஆலங்கட்டி மழை. கண்ணாடியில் கல்லெறிகிற மாதிரிச் சத்தம். கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ராணி, இயந்திரத்துக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

இலையுதிர் காலத்தில் ஹில்மார் படகில் தனிய நிற்கும்போது விழுந்திருக்கிறார். கண் விழித்தபோது முகம் மீன்களுக்குள் கிடந்ததாம். படகு தன்பாட்டில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததாம். பட்டினத்து டாக்டர் வலிப்பு என்றார். மருந்து கொடுத்தார். கார் ஓட்டக் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது, வீட்டிலும் தனியே இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஊருக்குச் சொல்லுவம் எண்டன். வாயைத் திறந்தா வீட்டை விட்டுப் போயிடுவன் எண்டான். அம்பத்தெட்டு வயசில வீட்டை விட்டு எங்க போறது? எண்டாலும் சொன்னான். நானும் வாயைத் திறக்கேல்லை. இப்ப உனக்குத்தான் சொல்லுறன். நீ வெளியில இருந்து வந்தவள், உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி இல்லை."

நான் அந்த ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

மாசிக் கடைசியில் பெரிய காற்று எழுந்தது. ஃபெரியை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அக்கரையில், தொழிற்சாலை விடுதியில் தங்க வேண்டியதாயிற்று. யோருன் ஹில்மாருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தாள், பதில் இல்லை. அடுத்த நாள் வீட்டுக்குப் போனபோது ஹில்மார் சமையலறைக் கதிரையில் இருந்தார். இடது கையில் துணி சுற்றியிருந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு அவியப் போட்டுவிட்டு நின்றபடி விழுந்து, எழும்பும்போது அடுப்பின் சூடான தட்டிலேயே கையை ஊன்றியிருக்கிறார்.

"வெண்ணெய் பூசினனான்," என்றாராம்.

"வெண்ணெயோ! நீ என்ன பாண் துண்டோ?" என்று கத்திவிட்டு யோருன் அவரைக் கூட்டிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போனாள். அங்கேயும் அவர் தாதியிடம் "அடுப்படியில வழுக்கினது" என்றுதான் சொன்னார்.

அந்தக் கிழமையே ஊரிலிருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு ஆள் தேவை என்று கொம்யூன், அதாவது உள்ளூராட்சிச் சபை, விளம்பரம் போட்டது. யோருனின் வீட்டு யன்னலிலிருந்து பார்த்தால் அந்த இல்லத்தின் புகைபோக்கி தெரியும். இடைவேளைக்கு ஓடிவந்து ஹில்மாரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பட்டினத்தில் வேலை செய்யும் மகள் தொலைபேசியில் பாடம் நடத்தினாள். "அம்மா, தையில சேர்ந்திட்டு ஏன் பங்குனியில விடப் பாக்கிறாய் எண்டு கட்டாயம் கேப்பினம். புதுச் சவால் தேடுறன் எண்டு சொல்லு. பழைய இடத்தைப் பற்றிக் குறை சொல்லாத. சிரிச்ச முகத்தோட சொல்லு."

அதை ஃபெரியில் வைத்து நானும் அவளும் பழகினோம். நான் கொம்யூன் கந்தோர் ஆள் மாதிரி நிமிர்ந்து இருந்து கேட்டேன். "இப்ப இருக்கிற வேலையில நீர் சேர்ந்து கொஞ்ச நாள்தானே. ஏன் விடுறீர்?"

"புதுச் சவால் தேடுறன்."

"என்ன சவால்?"

"கிழடுகளுக்கு மீன் கேக் பொரிக்கிறது."

பக்கத்து மேசையில் இருந்த லொறிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடிய அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உண்மையைச் சொன்னா ஒரு வசனத்தில முடிஞ்சிடும், ராணி. புருசனுக்குச் சுகமில்லை, பக்கத்தில நிக்கவேணும். அவ்வளவுதான். ஆனா அந்த வசனம் அவன்ர."

"அவரிட்டக் கேட்டனியோ?"

"கேட்டனான். கதவைச் சாத்திப்போட்டுப் போனான்."

நேர்முகம் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். இல்லத்தின் பொறுப்பாளர் அஸ்லாவ், ஹில்மாரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். மற்றவன் கொம்யூன் கந்தோரிலிருந்து வந்த வேகார்ட் என்ற பெடியன். மரியாதையான பிள்ளை, கோப்பி ஊற்றிக் கொடுத்தான். உள்ளே முதியவர்கள் வானொலியில் கடல் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சமையல் பற்றிக் கேட்டபோதெல்லாம் யோருன் தடங்கலின்றிச் சொன்னாள். கொட் மீனை எவ்வளவு நேரம் உப்புத் தண்ணீரில் வைப்பாள், பல் இல்லாதவர்களுக்கு எப்படிக் குழைப்பாள் என்றெல்லாம். அஸ்லாவ் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு வேகார்ட் கேட்டான்.

"நீர் இப்ப இருக்கிற வேலையில தையிலதானே சேர்ந்தனீர். இவ்வளவு கெதியா மாறப் பாக்கிறதுக்கு ஏதும் காரணம் இருக்கோ?"

சவால் என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்ததாம். அஸ்லாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டதாம். சின்ன வயதிலிருந்து அறிந்த ஒருத்திக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாயிருந்தது என்றாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"குளிர் தாங்கேல்லை," என்றாள்.

அஸ்லாவ் நிமிர்ந்தாள். "குளிரோ? உனக்கோ?"

"வயசு போகுதுதானே."

"யோருன், நீ அந்தக் கொட்டிலுக்குள்ள..."

"அது அப்ப."

வேகார்ட் யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை, தன் வேலையைத்தான் செய்தான். "இஞ்சயும் குளிர் அறை இருக்கு. நாளுக்குப் பல தரம் உள்ள போய் வரவேணும். சாமான் ஏத்துறது இறக்குறது எல்லாம் அங்கதான். அது உமக்குக் கரைச்சலா இருக்காதோ?"

"சமாளிப்பன்" என்றாளாம். அந்தக் குரலைத் தன்னாலேயே நம்பமுடியவில்லை என்றாள். கடைசியில் அவன், இப்போதைய வேலையிடத்தில் யாரோடு கதைக்கலாம் என்று கேட்க, எங்கள் மேற்பார்வையாளர் யானுஷின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

யானுஷ் போலந்துக்காரர். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனது. இரகசியம் என்ற ஒன்று அவருக்கு எந்த மொழியிலும் இல்லை. இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில், நாங்கள் எல்லோரும் பாண் துண்டுகளை விரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது வந்து யோருனுக்கு முன்னால் நின்றார்.

"யோருன்! ஏன் எனக்குச் சொல்லேல்லை? கொம்யூன் பெடியன் போன் எடுக்கிறான். குளிர் தாங்கமாட்டாவாமே, உண்மையோ எண்டு கேக்கிறான். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சா உன்னைப் பெட்டி கட்டுற பக்கம் விடுவன். அங்க சூடு. வேலையை விட வேண்டாம். நாளைக்கே மாத்துறன்."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூலையில் இருந்த பெடியன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். யோருன் பாணைத் திரும்பத் தாளில் சுற்றினாள். "சரி, யானுஷ்" என்றாள். அடுத்த நாளிலிருந்து அவளைப் பெட்டி கட்டும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் லித்துவேனியாக்காரி ஒருத்தி வந்து நின்றாள்.

அந்த வடக்குக் கரையில் ஒருத்தியைத் திருடி என்று சொன்னால்கூட ஒரு வருடத்தில் மறந்துவிடுவார்கள். குளிர் தாங்காதவள் என்பது அப்படிப்பட்ட பேர் இல்லை. கிழமை முடிவதற்குள் கதை ஃபெரியில் ஏறி இக்கரைக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போனேன். கடையின் உள்மூலையில், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. காற்று எழும்பிக் கடலுக்குப் போகாத நாட்களில் மீன்பிடிக்காரர் எல்லோரும் அங்கேதான். அன்று ஐலிஃப்பும் கோரேயும் இருந்தார்கள். ஐலிஃப் இரண்டு படகு வைத்திருப்பவர், ஊரில் யாரையும் சும்மா விடமாட்டார். கோரே அதிகம் கதையாதவர். ஹில்மார் பால் வாங்க வந்து, அவர்கள் கூப்பிட, கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஹில்மார், உன்ர மனுசிக்குக் குளிராமே?" என்றார் ஐலிஃப். "பெட்டி கட்டுற இடத்துக்குப் போயிட்டாளாம். ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு போ. வெய்யில் காயட்டும்."

"என்ன கதைக்கிறாய்?"

"உனக்குச் சொல்லேல்லையோ? கிழவங்களின்ர குசினிக்கு நேர்முகம் போனவள். ஏன் இருக்கிற வேலையை விடுறாய் எண்டு கேட்டதுக்குக் குளிர் தாங்கேல்லை எண்டு சொன்னவளாம். எங்கட யோருன்!"

ஐலிஃப் சிரித்தார். ஹில்மார் சிரிக்கவில்லை. நான் மாவுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் தட்டுகளுக்கு இடையில் நின்றேன். ஹில்மாரின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறுவது தெரிந்தது.

"அப்பிடியோ சொன்னவள்?"

"அப்பிடித்தான் கதை."

ஹில்மார் பால் பெட்டியை மேசையில் வைத்தார். துணி சுற்றின கையை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு வலிப்பு வருது," என்றார். "ஐப்பசியில தொடங்கினது. கடலுக்குப் போகக் கூடாதாம். இந்தக் கை அடுப்பில விழுந்து சுட்டது. அவள் என்னைப் பாக்கத்தான் அந்த வேலைக்குப் போனவள். சொல்லக் கூடாதெண்டு நான்தான் சொன்னனான். இயந்திரத்துக்கு ஒண்டும் இல்லை."

காசாளர் பெட்டை காசுப் பெட்டியில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"இயந்திரத்துக்கு ஒண்டும் இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும்," என்றார் கோரே மெதுவாக.

"எப்பிடி?"

"உறைஞ்சு வெடிச்சுப் போகும் எண்டு ஒவ்வொரு கிழமையும் போய் முடுக்கி விடுறனான். முதல் தரமே ஸ்டார்ட் வந்தது."

ஹில்மார் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் சொல்லேல்லை?"

"நீ சொல்லேல்லை," என்றார் கோரே.

ஐலிஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஹில்மார் எழும்பினார். என்னைப் பார்த்தார். "ராணி, உன்ர காரில என்னை ஒருக்கா அஸ்லாவிட்டக் கொண்டு போவியோ?" மாரி முழுக்க நான் காரை நிறுத்திக் கேட்டபோதெல்லாம் நடக்கிறேன் என்று கையைக் காட்டினவர் அவர்.

இல்லத்தின் வாசலிலேயே அஸ்லாவ் நின்றாள். ஹில்மார் சப்பாத்தில் ஒட்டின பனியைக்கூடத் தட்டவில்லை. கடையில் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னார். "அவளுக்குக் குளிர் இல்லை, அஸ்லாவ். அது பொய்."

"பொய் எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் அஸ்லாவ். "காரணம்தான் தெரியேல்லை. ஹில்மார், நேற்று ஒருத்திக்கு வேலை குடுத்திட்டம். அவளும் ஓம் எண்டிட்டாள். சின்னப் பிள்ளையோட இருக்கிறவள். நான் இப்ப என்ன செய்ய?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். நீ தெரிஞ்சிருக்கவேணும், அவ்வளவுதான்."

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "உள்ள வா, நீயும் நிண்டா அவள் கத்துறது குறையும்" என்றார்.

குறையவில்லை. யோருன் கொட் மீன் அவித்துக்கொண்டிருந்தாள். ஈரலும் சினையும் தனித்தனிச் சட்டிகளில். யன்னல் முழுக்க ஆவி. ஹில்மார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"மாரி முழுக்க என்ர வாயைக் கட்டி வைச்சாய். ஒரு வேலை கைக்கெட்டின தூரத்தில இருந்தது, அது போச்சு. குளிர் தாங்காதவள் எண்டு பேர் எடுத்தன். அந்தப் பேரைச் சுமந்தது நான். இப்ப, எல்லாம் முடிஞ்ச பிறகு, கடையில நிண்டு சொல்லுறாய். நேர்முகத்துக்கு முதல் நாள் உனக்கு வாய் இருக்கேல்லையோ?"

"இருக்கேல்லை," என்றார் ஹில்மார்.

அவள் மூடியைச் சட்டிமேல் போட்டாள். மூடி தெறித்து நிலத்தில் உருண்டது. ஹில்மார் குனிந்து எடுத்தார்.

"வேற பொய் ஒண்டும் கிடைக்கேல்லையோ உனக்கு? முதுகு நோ எண்டு சொல்லியிருக்கலாம்."

"முதுகு நோ எண்டா குசினி வேலை தருவினமோ, விசரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. யோருன் என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கும் வாய்க்கோணம் அசைந்தது. கதிரையில் இருந்துவிட்டாள்.

ஹில்மார் மூடியைக் கையில் வைத்தபடி சொன்னார். "விழுறதுக்குப் பயமில்லை, யோருன். எழும்பேக்க ஆக்கள் சுத்தி நிக்கிறதை நினைச்சுத்தான் பயம். எனக்குக் கால்சட்டை நனைஞ்சு கிடக்கும். ஐலிஃப் அதைப் பாத்துக்கொண்டு நிப்பான்."

"நான் பாத்தனான்," என்றாள் யோருன். "ஒண்டும் நடக்கேல்லை. கழுவிக் காயப் போட்டன்."

மீன் அளவுக்கு மேல் அவிந்து குழைந்துவிட்டது. அதையே மூன்று பேரும் சாப்பிட்டோம். ஹில்மார் ஈரலை உருளைக்கிழங்கில் மசித்து முதல் கரண்டியை அவளுடைய தட்டில் வைத்தார்.

ஞாயிறு பின்னேரம் ஐலிஃப் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல், வாசலிலேயே நின்று, இரண்டு படகுக்கும் இரை கொளுவ ஆள் போதாது என்றார். தன்னுடைய கொட்டிலில் கோரேயின் அண்ணனும் இன்னும் நாலு பேரும் நிற்கிறார்கள், ஹில்மார் வந்தால் உதவியாயிருக்கும் என்றார்.

"இரை கொளுவுறது எனக்குப் பழக்கமில்லை," என்றார் ஹில்மார். "அது யோருன்ர வேலை."

"அப்ப யோருனிட்டப் பழகிக்கொண்டு வா."

படகோட்டின ஒருவருக்கு அது இறக்கம்தான். திங்கட்கிழமை காலை, யோருன் ஃபெரிக்கு வெளிக்கிடும்போது, ஹில்மாரும் வெளிக்கிட்டு நின்றாராம். அவள் தன்னுடைய பழைய விரல் உறைகளைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதே நாள் அவள் நேரே யானுஷிடம் போனாள். நானும் பின்னால் நின்றேன்.

"யானுஷ், என்னைத் திரும்ப மேசைக்கு விடு."

"ஆனா குளிர்?"

"குளிர் பொய். என்ர மனுசனுக்கு வலிப்பு வருது. வீட்டில தனிய நிண்டவன். பக்கத்தில ஒரு வேலை கிடைச்சா அவனைப் பாக்கலாம் எண்டு நினைச்சன். அதாலதான் வந்த உடன விடப் பாத்தன்."

யானுஷ் கன்னத்தைத் தடவினார். "இது நல்ல காரணம். ஏன் அண்டைக்கு அவைக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கேல்லை."

"இப்ப?"

"இப்ப ஊருக்கே தெரியும்."

"இப்ப ஆர் பாக்கிறது அவரை?"

"ஐலிஃப்பின்ர கொட்டில்," என்றாள். அது அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டிவிட்டு லித்துவேனியாக்காரியைக் கூப்பிட்டார்.

சித்திரையில் பனி உருகத் தொடங்கினது. ஒரு நாள் முற்பகல், பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது யானுஷ் ஓடிவந்து யோருனின் தோளைத் தட்டினார். கையில் தொலைபேசி. அவள் காதுமூடியைத் தூக்கிவிட்டு வாங்கினாள். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கோரே கத்தியது எனக்கும் கேட்டது.

"யோருன், விழுந்தவன். பயப்பிடாத. எழும்பிட்டான். தலைக்குக் கீழ என்ர சட்டையை வைச்சம். டாக்டர் சொன்ன மாதிரிப் பக்கவாட்டில திருப்பி விட்டம். இப்ப இருந்து கோப்பி குடிக்கிறான்."

"ஆர் நிண்டது?"

"இண்டைக்குக் கடலுக்குப் போகேல்லை, எல்லாரும்தான் நிண்டம்."

"கால்சட்டை?"

"ஐலிஃப் தன்ரயைக் குடுத்தவன். நீளம் காணாது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆரும் சிரிச்சவையோ?"

"ஓம்," என்றார் கோரே. "அவன்தான் முதல் சிரிச்சவன்."

அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். யானுஷ் அவளையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபெரி பின்னேரம்தான். ஆனா நான் ஒரு படகுக்காரனைக் கேக்கலாம். போகவேணுமோ?"

அவளுக்கு முன்னால் பட்டையில் மீன்கள் சீவப்படாமல் போய்க்கொண்டிருந்தன. நான் அவளுடைய பங்கையும் சேர்த்து எட்டி எட்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்," என்றாள். "அங்க ஆக்கள் நிக்கினம்."

பிறகு கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் குவிந்து கிடந்ததில் பாதியைத் தன் பக்கம் இழுத்தாள்.